சித்தி கட்டிய பச்சை அட்டை

எங்கள் வீட்டில் பத்து மீட்டர் நீளம் வேண்டுமென்றால் சமையலறையைத் தாண்டியாக வேண்டும். அப்பா டேப் வைத்து அளந்துவிட்டார். முன்கதவு நிலையில் தொடங்கி, கூடம், சமையலறை, பின்கதவு என்று போய்த் துணி துவைக்கும் கல்லைத் தொட்டால் பத்து மீட்டரும் நாலு விரற்கடையும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா அடுப்பை அணைத்தாள்.

"பொங்கறதா சுடறதா, ஏதாச்சும் ஒண்ணுதான் நடக்கும் இந்த வூட்டுல" என்று சொல்லிவிட்டு, அரைகுறையாக வெந்த கறிக்குழம்போடு பக்கத்து வீட்டு அடுப்புக்குப் போனாள்.

சுடப்போவது சித்தி. அம்மாவின் தங்கை. ஓசூரில் ஒரு மோட்டார் உதிரிபாக ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு தங்கியிருந்தாள். ஷிப்ட் முடிந்து மற்றப் பெண்கள் பஸ் ஏறும் நேரத்தில், இவள் பயிற்சிக்கூடத்துக்குப் போய்க் காற்றுத் துப்பாக்கியால் பத்து மீட்டர் தூரத்து அட்டையைச் சுடுவாள். மாநிலப் போட்டிக்கு இருபது நாள் இருந்தது. அதில் தகுதிப் புள்ளியை எட்டினால் தேசியப் போட்டி. எட்டாவிட்டால் அடுத்த வருடம். அதற்குள் கல்யாணம் முடித்துவிட வேண்டுமென்று ஊரிலிருந்து தாத்தா போன் செய்துகொண்டே இருந்தார். வீட்டுக்கு இருந்த ஒரே செல்போன் அப்பாவின் பெல்ட்டில் தொங்கியதால், எல்லா வரன்களும் முதலில் அப்பாவின் காதுக்குத்தான் வரும். "பொண்ணு ஷிப்ட்ல இருக்குது" என்று சொல்லி வைத்துவிடுவார். சித்தி அப்போது எதிரில் டீ குடித்துக்கொண்டிருப்பாள்.

சிக்கல் என்னவென்றால், மூன்று மாதமாக சித்தியின் புள்ளிகள் இறங்கிக்கொண்டே வந்தன. கை தளர்ந்துவிட்டது என்று அவளே நம்பினாள். பயிற்சியாளர் துப்பாக்கியை இரும்புப் பிடியில் இறுக்கிப் பத்து குண்டு சுட்டுப் பார்த்தார். துளைகள் எட்டணாக் காசு அகலத்துக்குச் சிதறின. கையில் குறையில்லை, குழல்தான் போய்விட்டது என்றார்.

இதை அப்பாவால் ஏற்க முடியவில்லை. அவர் வேறொரு ஆலையில் தரப் பரிசோதகர். துப்பாக்கி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஞாயிறுதோறும் குளித்துவிட்டு வந்து அதைச் சுத்தம் செய்வது அவர் வேலை. அதற்காகவே லேத்தில் தன் கையால் கடைந்த எஃகுக் கம்பி ஒன்றை வைத்திருந்தார். முகம் பார்க்கலாம், அவ்வளவு மினுக்கம். அதன் நுனியில் துணி சுற்றிக் குழலின் வாய் வழியாக விட்டு விட்டு எடுப்பார். சாமி விளக்கைக்கூட அவர் அப்படித் துடைத்ததில்லை என்று அம்மா குறைபட்டுக்கொள்வாள். "இவ்ளோ மெயின்டெய்ன் பண்ணியும் போயிடுச்சுன்னா மெட்டீரியலே சரியில்ல" என்று அப்பா தீர்ப்புச் சொன்னார்.

சனிக்கிழமை சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு பெங்களூர் போனாள். மாநில எல்லையில் அத்திப்பள்ளி தாண்டியதும் பஸ்ஸில் பேச்சு கன்னடத்துக்கு மாறியது. சித்தியும் மாறினாள், நடத்துநரிடம் சில்லறைக்குச் சண்டை போடும் அளவுக்கு. துப்பாக்கிக் கடைக்காரர் மூன்று குழல்களை எடுத்து வைத்தார். மூன்றையும் கொண்டுபோய்ச் சுட்டுப் பாருங்கள், ஒன்றை வைத்துக்கொண்டு திங்கட்கிழமைக்குள் இரண்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். முதலாவது கண்ணாடிபோல் பளபளத்தது. இரண்டாவது சாதாரணம். மூன்றாவது கறுத்து, முரட்டுத்தனமாக இருந்தது.

"இது ரொம்ப ஹார்டு மேடம். அரம் போட்டாலும் ஏறாது."

"உள்ள கம்பி உரசினா?"

"ஏன் கம்பி விடுறீங்க? நூல்ல துணி கட்டி இழுக்கணும்."

"இல்ல, உரசினா?" என்று சித்தி மறுபடியும் கேட்டாள். ஒன்றும் ஆகாது என்றார் அவர். எனக்குப் பளபளப்புக் குழல்தான் பிடித்திருந்தது. வரும் வழியெல்லாம் அதை என் மடியில் வைத்திருந்தேன்.

மறுநாள் முன்வாசலில் மேசை போட்டு, அப்பா வைஸ் என்ற இரும்புப் பிடியில் துப்பாக்கியை இறுக்கினார். துவைக்கும் கல்மேல், ஆலையின் பஞ்சுக் கழிவு அடைத்த பெட்டி. அதன் பின்னால் கனத்த இரும்புத் தகடு. பெட்டியின் முகத்தில் அட்டை. ஒவ்வொரு குண்டும் சுட்டதும் சித்தி கையை உயர்த்துவாள். நான் ஓடிப்போய்த் துளைக்குப் பக்கத்தில் எண் எழுத வேண்டும். ஆலையில் பாகங்களுக்குக் கட்டும் அட்டைகளையும் அப்பா கொண்டுவந்திருந்தார். தேறியதற்குப் பச்சை, தள்ளியதற்குச் சிவப்பு.

முதல் குழல், பன்னிரண்டு குண்டு. சிதறல். இரண்டாவது, அதே சிதறல். மூன்றாவதும் அப்படியே. அப்பா மூன்று சிவப்பு அட்டைகளைக் கையில் எடுத்துவிட்டார். சித்தி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபது நாளில் வேறு குழலுக்கு எங்கே போவது?

"குறி தப்புச்சா, இல்ல குழம்பு தப்புச்சா?" என்று பக்கத்து வீட்டிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

எனக்கு மட்டும் சுட்ட அட்டைகளில் ஏதோ உறுத்தியது. மூன்றையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். விலகி நின்ற துளைகளுக்கெல்லாம் ஒரே எண்கள்.

"சித்தி, மூணு அட்டையிலயும் ஒண்ணு, நாலு, ஏழு, பத்துதான் வெளிய போயிருக்குது. மிச்சமெல்லாம் ஒண்ணா கெடக்குது."

சித்தி அட்டையைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி அப்பாவின் கையைப் பார்த்தாள். அங்கே எண்ணெய்த் துணி இருந்தது. துடைக்காத பாகத்தை அளவுமானியில் வைக்கக் கூடாது என்பது அப்பாவின் ஆலையில் முதல் விதி. அதன்படி மூன்று குண்டுக்கு ஒருமுறை, யாரும் சொல்லாமலே, குழலைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தவுடன் போகும் குண்டு ஒவ்வொரு முறையும் வழுக்கிக்கொண்டு விலகியிருந்தது.

"மாமா, அந்தத் துணியக் கீழ வைங்க."

"தொடைக்காம எப்புடிம்மா டெஸ்ட் பண்றது?"

"வைங்க மாமா!"

வைத்தார். வைத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தது திருவிழா. ஒவ்வொரு குழலையும் பழக்க இருபது குண்டு, அப்புறம் தேர்வுக்குப் பத்து குண்டு. நான் எண் எழுதுவதை விட்டுவிட்டுக் கத்திக்கொண்டே ஓடினேன். பளபளப்புக் குழல் சட்டைப் பொத்தான் அகலத்துக்குச் சுட்டது. இரண்டாவது, பத்து குண்டையும் ஏறக்குறைய ஒரே துளையில் போட்டது. அட்டையைத் தூக்கிப் பிடித்து அதன் வழியே வானத்தைப் பார்த்தேன். அம்மா கரண்டியோடு வந்து அவளும் ஒருமுறை பார்த்தாள். மூன்றாவது, கொண்டைக்கடலை அளவு. அப்பா யோசிக்கவே இல்லை. இரண்டாவது குழலை எடுத்துப் பச்சை அட்டையைக் கட்டினார்.

சித்தி அதை வாங்கி, முடிச்சை அவிழ்த்தாள். கறுப்புக் குழலில் கட்டினாள்.

"ஏம்மா, கண்ணு தெரியலயா உனக்கு?"

"என் கை நடுங்குற நடுக்கத்துல அந்த வித்தியாசம் தெரியவா போவுது? இது தாங்கும் மாமா."

"உழுந்து உழுந்து டெஸ்ட் பண்ணது என்னாத்துக்கு அப்புறம்?"

சித்தி முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள். அந்தக் கோபத்தில் நான் அன்றைக்குக் கறிச்சோறு வேண்டாமென்று அடம்பிடித்தேன்.

போட்டியில் அவள் தகுதிப் புள்ளியைவிட ஒன்றே ஒன்று அதிகம் எடுத்தாள். தேசியப் போட்டிக்குப் போனாள். இரண்டாவது குழல் என்றால் இன்னும் நாலு கூடியிருக்கும் என்று நான் கணக்குச் சொன்னேன். சித்தி என் தலையில் குட்டினாள். அப்பா வழக்கம்போல் ஞாயிறுதோறும் குளித்துவிட்டு வந்து, கறுப்புக் குழலின் வாயில் தன் கம்பியை விட்டு விட்டு எடுத்தார். சித்திக்குக் கல்யாணமாகும்வரை இது நடந்தது; அதற்குப் பிறகும் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், அந்தத் துப்பாக்கியை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் சித்தி உட்காருவாள். அந்தக் குழல் கடைசிவரை கெடவில்லை. "மெட்டீரியல்னா இது" என்பார் அப்பா.

போன வருடம் அவருடைய கருவிப்பெட்டியில் எதையோ தேடும்போது, சித்தி கழற்றிப்போட்ட அந்தப் பழைய குழல் கிடைத்தது. பக்கத்திலேயே லென்ஸ் இருந்ததால் சும்மா வைத்துப் பார்த்தேன். குழலின் வாய் வட்டமாக இல்லை. விளிம்பில் ஒரு பக்கம் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. பனியன் துணியில் சுற்றி வைத்திருந்த கம்பியை எடுத்து அதில் வைத்தேன். பள்ளத்தில் அச்சாகப் பொருந்தியது.

கம்பி உரசுவதைப் பற்றிக் கடையில் சித்தி எதற்காக இரண்டு முறை கேட்டாள் என்று பதினோரு வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. கூடத்தில் அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கம்பியைத் துணியில் முன்பிருந்தபடியே சுற்றி, பெட்டியை மூடினேன்.