எடை பார்க்கும் நாள்

மாதத்தில் ஒரு நாள் எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். அன்றுதான் கொச்சங்காடி அங்கன்வாடியில் என் மூன்று வயதுத் தம்பிக்கு எடை பார்ப்பார்கள். உத்தரத்தில் தராசு தொங்கும். அதன் கொக்கியில் துணித் தூளியை மாட்டிப் பிள்ளையை உட்கார வைப்பார்கள். அம்மா வேலை பார்த்த சுக்குக் கிடங்கில் மூட்டைக்கு இருந்ததும் அதே மாதிரி கொக்கிதான். தம்பி வீறிட்டு அழுவான். நான் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

முள் ஏறிவிடக் கூடாது என்பதுதான் என் பயம். எடை ரொம்பக் குறைந்த பிள்ளைக்கு மஞ்சள் உப்புமா இரட்டைப் பங்கு. ஏழை வீட்டுப் பிள்ளைகள் பசியாற வேண்டும் என்று டில்லியில் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து போட்ட திட்டம் அது. நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் அதில் இடம். எனக்கு ஒன்பது. நானும் அம்மாவும் திட்டத்தில் இல்லை என்பது எங்கள் வயிற்றுக்குத்தான் தெரியவில்லை. தம்பி ஒரு பங்கை அங்கேயே தின்பான். இன்னொன்றைத் தூக்குப் பாத்திரத்தில் வாங்கி வருவேன். அம்மா வேலை முடிந்து வந்ததும் நாங்கள் இருவரும் அதைப் பகிர்ந்துகொள்வோம். ஆலுவாவில் கட்டட வேலைக்குப் போன அப்பா எப்போதாவது வருவார்; அவர் வந்தால்தான் வீட்டுக்கு அரிசி மூட்டை வரும்.

ஒரு மாதம் அங்கன்வாடி டீச்சர் தம்பியின் எடை அட்டையில் புள்ளி வைத்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினார். "நோக்கு மோளே, அடுத்த மாசம் இவன் இந்தக் கோட்டைத் தாண்டிடும். பின்னே ஒரு பங்கு மதி." இனி ஒரு பங்கே போதும் என்பதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். வீட்டில் சொன்னபோது அம்மா தூக்குப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, "எடை போடுற அன்னிக்குக் காலையில அவனுக்குக் கஞ்சி குடுக்காதடி. முடிஞ்சதும் குடுத்துக்கலாம்" என்றாள்.

ஒரு வேளைக் கஞ்சியில் அப்படி என்ன எடை குறைந்துவிடும் என்று யோசித்தேன். எனக்கு மூளை கொஞ்சம் அதிகம். எடை நாளுக்கு முன்னால் ஞாயிறும் ஒரு விடுமுறையும் சேர்ந்து வந்து, அங்கன்வாடி இரண்டு நாள் பூட்டிக் கிடந்தது. கிடங்கு மட்டும் பூட்டவில்லை. அம்மா விடிந்ததும் போனால் இருட்டித்தான் வருவாள். அவள் வைத்துவிட்டுப் போன கஞ்சியை நான் தம்பிக்குக் கொடுக்கவில்லை. முதல் நாள் தட்டைத் தட்டித் தட்டி அழுதான். இரண்டாம் நாள் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு சும்மா படுத்திருந்தான். கஞ்சியைக் கொட்டிவிடலாம் என்றுதான் எடுத்தேன். மனம் வரவில்லை, நானே குடித்தேன். அம்மா வருவதற்குள் அவன் தூங்கிவிடுவான். சாப்பிட்டானா என்று கேட்பாள். சாப்பிட்டான் என்பேன். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

எடை நாளில் தூளியில் உட்கார வைத்தபோது தம்பி அழவில்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. முள் போன மாதத்தைவிடக் கீழே நின்றது. பிழைத்தோம் என்று தூக்குப் பாத்திரத்தை நீட்டினேன். டீச்சர் அதை வாங்கவில்லை. தம்பியின் இமையை விலக்கிப் பார்த்தார், "ஈஸ்வரா" என்றார், அவனை அள்ளிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். காலித் தூக்கு முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. தம்பி செத்துப்போவான், போலீஸ் வரும், அம்மா இனி என் முகத்தில் விழிக்க மாட்டாள். வழியெல்லாம் இதுவேதான் மனதுக்குள். இன்றுவரை அப்படி நான் பயந்ததில்லை.

யாரோ சொல்லி அம்மா சுக்குத் தூசியோடு வந்து சேர்ந்தாள். தம்பியின் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. "குஞ்ஞைப் பட்டினிக்கு இட்டது ஆரு? நீ ஒரு அம்மயாணோ?" என்று டாக்டர் அவளைப் பார்த்துக் கத்தினார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"நான்தான் சாரே குடுக்கல" என்றாள் அம்மா. வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

தம்பி பிழைத்துக்கொண்டான். இன்று தோப்பும்படியில் பட்டறை வைத்திருக்கிறான், தொப்பையும் வைத்திருக்கிறான். அம்மா அன்றும் சரி, பிறகும் சரி, என்னை அடிக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அடி எப்போது விழுமோ என்று நான்தான் பல நாள் அவள் கைக்கு எட்டாமல் நடந்தேன். அட்டையில் புள்ளி இறங்கிவிட்டதால் இரட்டைப் பங்கு தொடர்ந்து கிடைத்தது. தினமும் தூக்கு நிறைய வாங்கி வந்தேன். அம்மா அதை என் பக்கம் தள்ளிவிட்டுக் பாலில்லாத கட்டன் சாயா மட்டும் குடித்தாள். தினமும் அதையே தின்று அவளுக்கு உப்புமா அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவள் பங்கையும் நானே வழித்துத் தின்றேன்.