கால் பிரேக் சைக்கிளும் ஐந்தாவது ‘ஏன்’னும்

அழகர்சாமிக்கு இரண்டு கையிலும் உள்ளங்கைதான் மிச்சம். ஓசூரில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப் விரல்களை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஸ்டோர்ஸில் ஒரு நாற்காலி கொடுத்தது. நிர்வாகத்தின் பாஷையில் இதற்கு மறுவாழ்வு என்று பெயர்.

டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாது. அதனால் மனைவி பொற்கொடிதான் தொரப்பள்ளியிலிருந்து ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, தன் செல்போன் கம்பெனிக்குப் போவாள். திருமங்கலத்திலிருந்து பிழைக்க வந்த ஜோடி. மனைவியின் பின்னால் உட்கார்ந்து போவதில் அழகர்சாமிக்குக் கூச்சம் எதுவும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பொற்கொடியை லைன் லீடர் ஆக்குகிறார்களாம். ஆனால் விடிவதற்குள் ஷிப்டில் இருக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லிவிட்டார்கள்.

“நீ பாட்டுக்குச் சரின்னு சொல்லு. நான் தனியாப் போயிக்கிருவேன்.”

“எதுல? பல்லக்குலயா?”

பெங்களூர் அபார்ட்மெண்ட்டுகள் கழித்துப்போடும் சாமான்களை விற்கும் சென்னப்பனிடம் விடை இருந்தது. சீமை சைக்கிள் ஒன்று. “இதுக்குக் கையே வேணாண்ணா. மிதிய பின்னுக்கு அழுத்து, சக்கரம் அங்கயே நிக்கும். பிரேக்கு பின்சக்கரத்து ஹப்புக்குள்ள கீது.” அழகர்சாமி ஏறி மிதித்தார், பின்னுக்கு அழுத்தினார், நின்றார். விபத்துக்குப் பிறகு அவர் நிறுத்தி நின்ற முதல் வண்டி அது. சும்மா சும்மா கிளம்பிக் கிளம்பி நின்று பார்த்தார்.

கம்பெனி இருக்கும் சிப்காட் வரை மிதித்தே போனால் ஷிப்ட் முடிகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேரலாம். ஆகவே பக்கத்து வீட்டு ஆனந்தராஜ், அழகர்சாமியின் கம்பெனியிலேயே மெயின்டனன்ஸ்காரர், முன்சக்கரத்தில் மோட்டார் கிட் மாட்டிக் கொடுத்தார். மிதி சுற்றுவதை ஒரு சென்சார் கண்டுகொண்டால் மோட்டார் இழுக்கும். அதை அணைக்கும் சுவிட்ச், கிட்டோடு வந்த கை பிரேக்குக்குள் இருந்தது. கை பிரேக்தான் தேவையில்லையே! கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்கள். மிதி முன்னால் சுற்றுகிறதா பின்னால் சுற்றுகிறதா என்பது அந்த மலிவு சென்சாருக்குத் தெரியாது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை டிரையல். ரோஜாத் தோட்டத்துத் திருப்பத்தில் அழகர்சாமி மிதியைப் பின்னுக்கு அழுத்தினார். பின்சக்கரம் நின்றது. முன்சக்கரம் அதைக் கேள்விப்படவில்லை. யாரோ மிதிக்கிறார்கள் என்று சென்சார் சந்தோஷமாகச் சொல்ல, மோட்டார் அவரை ரோஜாப் பெட்டிகளுக்குள் கொண்டுபோய் இறக்கியது. தோட்டத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்த சரோஜம்மாள், “கல்யாண ஊர்கோலமாப்பா?” என்றாள்.

எங்கள் பக்கத்து லைன் வீடுகளில் பால் திரிந்தால்கூட மீட்டிங் போடுவார்கள். ஐந்து முறை ‘ஏன்’ கேட்டால் மூலகாரணம் வெளியே வரும் என்று எல்லாக் கம்பெனிகளும் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. குவாலிட்டி மூர்த்தி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தலைமை தாங்கினார்.

“ஏன் இடிச்சுது?”

“மோட்டார் அணையல,” என்றார் ஆனந்தராஜ்.

“ஏன் அணையல?”

“சுவிட்ச் இல்ல.”

“ஏன் இல்ல?”

“அது கை பிரேக்குக்குள்ள இருக்கு, கழட்டிட்டோம்.”

“ஏன் கழட்டுனீங்க?”

“அண்ணனுக்குப் பிடிக்க விரல் இல்ல.”

மூர்த்தி உற்சாகத்தில் இருந்தார். “ஏன் விரல் இல்ல?”

கை உள்ளே இருக்கும்போது பிரஸ்ஸை நிறுத்தும் சென்சாரை, உற்பத்தி குறைகிறது என்று மேலிடம் அணைக்கச் சொன்னது, அணைத்தது ஆனந்தராஜ். கம்பெனி நடத்திய மீட்டிங்கில் ஐந்தாவது ‘ஏன்’னுக்கு வந்த பதில், ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’. ஆனந்தராஜ் சைக்கிள் செயினைத் தடவிக்கொண்டிருந்தார்.

“உள்ளங்கையால அமுக்குற மாதிரி ஒரு பட்டன் வெச்சா?” என்று மூர்த்தி வேறு பக்கம் தாவினார்.

“கைய எடுத்தா ஹேண்டில் போயிரும்ப்பா,” என்றார் அழகர்சாமி, பொறுமையாக.

“வேற சென்சார் வரவழைக்கிறேண்ணே,” என்றார் ஆனந்தராஜ், தலையைத் தூக்காமல். “எப்ப வரும்னுதான் தெரியல.”

பொற்கொடி போனை எடுத்தாள்.

“நாளைக்குத்தானே கேட்டாங்க? நாளைக்குச் சொல்லேன்,” என்றார் அழகர்சாமி.

“நாளைக்குள்ள என்ன முளைச்சிரப் போகுது?” சொன்ன பிறகுதான் அவளுக்கே சுருக்கென்றது. அவர் முழங்கையைத் தொட்டாள். பிறகு போனில் பேசினாள்: “சார், பொற்கொடி. இல்ல சார், எனக்குத் தோதுப்படாது. எங்க லைன் பார்வதிக்குக் குடுங்க சார், நல்லாச் செய்வா.”