லாரியக்காவின் மட்கார்டு

வாயில் போல்ட்டைக் கவ்விக்கொண்டேதான் பேசுவாள். லாரிக்கு அடியிலிருந்து வரும் அந்தப் பேச்சில் பாதி எனக்குப் புரியாது; மீதி லாரிக்கானது. "வாடி, நேரா வா. நாத்தனார் மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்காதே" என்று துருப்பிடித்த நட்டிடம் கெஞ்சுவாள். அது அசையாவிட்டால் கொஞ்சம் எண்ணெய் விட்டு, "குடிச்சிட்டு யோசி" என்பாள்.

பக்கத்து வீட்டு லாரியக்காவுக்குத் தெருவில் வேறு பெயர் கிடையாது. தண்ணீர் லாரி ஓட்டுகிறாள். ஏறியதும் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலால்தான் பிரேக்கை மிதிப்பாள். "மிதிக்கிறது காலுக்குத் தெரியணும்ல?"

லாரி முன்பு அவள் கணவர் ஓட்டியது. பக்கவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்துபோனதும், யாரும் சொல்லாமலே சாவியை இவள் எடுத்துக்கொண்டாள். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, லாரி போவதையும் வருவதையும் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் கைக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை எப்போதோ விட்டுவிட்டார். "இது என் கை இல்ல. யாரோ என் மடியில வச்சிட்டுப் போனது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

போன வாரம் மழையில், லாரியின் பின்சக்கரம் வாரியடித்த சேறு பின்னால் ஸ்கூட்டரில் வந்தவரின் முகத்தில் அப்பி, அவர் சறுக்கி விழுந்தார். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அவரை வீட்டில் கொண்டுபோய் விட்ட அக்கா, அப்படியே கடைக்குப் போய், சேறு தெறிக்காமல் சக்கரத்துக்குப் பின்னால் மாட்டும் ரப்பர் மட்கார்டுகளோடு திரும்பினாள். பட்டறையில் அடுத்த வாரம் வரச் சொன்னார்களாம். "அதுவரைக்கும் சேறு லீவு போடுமா?" வாசலிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

மட்கார்டின் துளை லாரிச் சட்டத்தின் துளையோடு ஒத்துப்போகவில்லை. புதிதாகத் துளை போட்டாள். இனி அவள் அடியிலிருந்து போல்ட்டைத் திருக, இந்தப் பக்கம் ஒருவர் ஸ்பேனரால் நட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் குனிந்தேன்.

"நீங்க இருங்க தம்பி" என்றாள். "ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க."

கணவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து உட்கார்ந்தார். கனமான ரப்பரைத் தாங்கவே இடது கை சரியாகப் போயிற்று. ஸ்பேனருக்கு மிச்சம் இருந்தது வலது கைதான்.

"விழுந்துடும்டி."

"விழட்டும். தரைக்கு என்ன வலிக்கவா போகுது?"

விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது. அதற்கப்புறம் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின, பிடி நின்றது. அடியில் அக்கா போல்ட்டைத் திருகினாள்.

"இறுகிடுச்சா?" என்று கேட்டார். முகமெல்லாம் வியர்வை.

எட்டிப் பார்த்தேன். நன்றாகவே இறுகியிருந்தது. அக்கா, சொல்லாதீங்க என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, சத்தமில்லாமல் அதைத் தளர்த்தினாள்.

"இன்னும் இல்லீங்க. விடாம பிடிச்சுக்கோங்க" என்று முதலிலிருந்து திருக ஆரம்பித்தாள்.