சந்தனம் வைத்த காஸ் தோங்

காஸ் சிலிண்டரை எங்கள் ஊரில் தோங் என்போம். தோங் தூக்கும் வேலையில் எனக்கு முதுகுவலியைவிட வாடிக்கையாளரின் பக்திதான் பெரிய பயம். காரணம் இருக்கிறது.

கிள்ளானில் ஒரு கொண்டோ அடுக்குமாடியில் புதுவீடு புகும் சடங்கு. வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் பால் பொங்கியாக வேண்டும். தோங்கைச் சமையலறையில் இறக்கியதும், லோரியை நகர்த்தச் சொல்லிக் கீழே இருந்து செக்யூரிட்டி கார்டு கூப்பிட்டுவிட்டார். வீட்டுக்கார ஆன்டியிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

"ஆன்டி, நான் வந்து மாட்டுறேன். யாரும் தொடாதீங்க."

திரும்பி வந்தால் வாசலிலேயே காஸ் வாடை. உள்ளே தோங் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. எதிரே வீட்டுக்கார அங்கிள், ஒரு கையில் கற்பூரத் தட்டு, மறு கையில் லைட்டர்.

"அங்கிள், பத்த வைக்காதீங்க!"

"நல்ல நேரம் முடியப் போவுதுலா தம்பி. ரெகுலேட்டர நானே மாட்டிட்டேன்."

வாடை போகட்டும் என்று யாரோ ஃபேன் சுவிட்சுக்குக் கையை நீட்டினார்கள். "அதையும் தொடாதீங்க, பொறி வரும்!" என்று கத்திக்கொண்டே வால்வை மூடினேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பட்டுப்புடவைக் கூட்டம் மொத்தத்தையும் வெளியே விரட்டினேன்.

ரெகுலேட்டரைக் கழற்றினால், வால்வு வாய்க்குள் சந்தனம்! அதன்மேல் குங்குமம்! இடையில் சந்தனம் இருந்தால் ரெகுலேட்டர் எப்படி இறுக்கமாக உட்காரும்?

"மேலதானேப்பா நெத்தி இருக்கும்?" என்றார் ஆன்டி. அவரைக் கோபித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

லோரியிலிருந்து வேறு தோங், வேறு ரெகுலேட்டர் கொண்டுவந்து மாட்டினேன். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், குமிழி வரவில்லை. வாடை முழுக்கப் போகும்வரை அடுப்புப் பக்கம் யாரையும் விடவில்லை. அங்கிள் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறி முறைத்தார்.

"ராகு காலம் வந்துருச்சு. இனிமே எப்படிப் பால் காய்ச்சுறது?"

ஆன்டி கற்பூரத் தட்டை அவர் கையிலிருந்து பிடுங்கினார். "வீடு நிக்குதுலா! இதவிட என்ன நல்ல நேரம் வேணும்? போய்ப் பால எடுத்துட்டு வாங்க."

ராகு காலத்திலும் பால் பொங்கியது. "பொங்குது, பொங்குது!" என்று முதலில் கத்தியவர் அங்கிள்தான்.

அன்றிலிருந்து புதுவீடு என்றால், சோப்புச் சோதனை முடிந்த பிறகு பொட்டை நானே வைத்துவிடுகிறேன், தோங்கின் வயிற்றில்.