இருபத்து மூன்று வீட்டு ஏனம்

காஸ் சிலிண்டரின் காதைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்த பிறகுதான் ஜான்சி காலையில் பல் துலக்கப் போவாள். அந்த ஒரே ஆட்டில், உள்ளே எத்தனை கிலோ மிச்சம், எத்தனை நாளைக்கு வரும், எத்தனை தோசைக்குத் தாங்கும் என்று கிராம் பிசகாமல் சொல்லிவிடுவாள். கிராம் பிசகாமல் என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். போன மாதம் ஒன்பது நாள் வரும் என்றாள். மூன்றாம் நாள் மத்தியானமே, குழம்பு பாதி கொதிக்கையில் அடுப்பு அணைந்துபோனது. "நான் சரியாத்தேன் சொன்னேன். சிலிண்டருதேன் அவசரப்பட்டுத் தீந்துபோச்சு" என்றாள்.

டிசம்பர் பிறந்துவிட்டால் இந்த ஆட்டல் நாளுக்கு நாலு தடவையாகிவிடும். கிறிஸ்துமஸ் பலகாரம் பாதியில் நின்றால் என்னாவது என்கிற பயம். ஆட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பாள். பிறகு ஒரு தட்டுத் தட்டுவாள். மகள் சினேகா கல்லூரிக்குக் கிளம்பும்போது, "ஊசி போடணுமாம்மா, மாத்திர போதுமா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

ஜான்சிக்கு நாற்பத்து நாலு வயது. போடி கடைவீதியில் நோட்டு, பேனா, காலண்டர் விற்கிற வினோத்ராஜின் மனைவி. கடை நிறைய நோட்டு அடுக்கியிருந்தாலும் வீட்டுக் கணக்கை அவள் எழுதுவது, கிழித்த தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில். "விக்கிற நோட்டுல வீட்டுக் கணக்க எழுதுனா கட வெளங்குமா?" என்பாள். தாள்களைத் துணிக் கிளிப்பில் கோத்து அடுக்களை ஜன்னல் கம்பியில் மாட்டியிருப்பாள். முன்பக்கத்து ராகு காலத்தில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. கணக்கு உதைக்கிற நாளில் மட்டும் ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொள்வாள்.

இந்த வருடம் எல்லா நாளும் உதைத்தது. அக்டோபரில் கடைக்கு முன்னால் கால்வாய்க்காகத் தோண்டினார்கள். தோண்டியதும் மழை வந்தது. பள்ளத்தின் குறுக்கே ஒரு பலகை போட்டிருந்தது. அதில் நடந்து வந்து ஒரு ரூபாய்ப் பென்சில் வாங்க யாருக்கும் துணிச்சல் இல்லை. எதிர்ச்சாரிக் கடைக்குப் போய்விட்டார்கள். போன வருடம் கிறிஸ்துமஸ் செலவுக்கு இருபதாயிரம் கொடுத்த வினோத்ராஜ், இந்த வருடம் பதினோராயிரத்தை மேசைமேல் வைத்துவிட்டு, அவள் எண்ணி முடிப்பதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டிசம்பர் மூன்றாம் தேதித் தாளின் பின்னால் அவள் எழுதியது: துணிமணி நாலாயிரம். கறி, பிரியாணி அரிசி இரண்டாயிரம். ஆலயத்துக் காணிக்கை, கேரல் பாட வருகிறவர்களுக்குக் கவர், டீ, பன் எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐநூறு. மிச்சம் மூவாயிரத்து ஐநூறு பலகாரத்துக்கு. துணிமணியில் தன் பெயரை எழுதி, அடித்து, "ஈஸ்டருக்கு எடுத்தத ஒரு தடவதேன் கட்டிருக்கேன்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். வீட்டுக்குள் அப்போது யாரும் இல்லை. அடித்ததில் மிஞ்சிய எண்ணூறு ரூபாய் காணிக்கைக்கும் போகவில்லை, கறிக்கும் போகவில்லை. வெள்ளையடிக்கிற டப்பாவாகவும் பிரஷ்ஷாகவும் மாறி, தெருவைப் பார்த்த சுவருக்கு மட்டும் போனது. மற்ற மூன்று சுவர்களும் அடுத்த வருடத்துக்குக் காத்திருக்கின்றன.

ஆனால் அவள் தூக்கத்தைக் கெடுத்தது சுவர் இல்லை. பரணில் அடுக்கியிருந்த இருபத்து மூன்று ஏனங்கள்.

தீபாவளிக்கு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து பலகாரம் வரும். தட்டில், சம்படத்தில், தூக்குவாளியில். அந்த ஏனங்களை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அந்தத் தெருவில் இல்லை. துலக்கிப் பரணில் ஏற்றிவிட்டு, கிறிஸ்துமஸுக்குத் தன் பலகாரத்தை நிரப்பி அதனதன் வீட்டில் சேர்ப்பாள். எந்த வீட்டு ஏனம் எது என்று தீபாவளியன்றே ஒரு தாளில் எழுதிவிடுவாள். என்ன வந்தது, எத்தனை வந்தது என்பதும் அதில் இருக்கும். "கோட்டைச்சாமி அண்ணன் வீடு, எவர்சில்வர் தட்டு, லட்டு ஆறு, ஒண்ணு ஒடசல்."

"இந்த வருசம் ஒரு பத்து வீட்டோட நிறுத்திக்கயேன்" என்றார் வினோத்ராஜ்.

"ஆகட்டும். எந்தப் பதிமூணு வீட்ட விடுறதுன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்." பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள்.

அவர் யோசித்தார். ஒரு பெயர் சொல்ல வாயெடுத்தார். அந்த வீட்டுக்காரரின் கட்டடத்தில்தான் இவர் கடை மாத வாடகைக்கு இருந்தது. அடுத்த பெயர், சினேகாவை நாள்தோறும் பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிடுகிறவர். வாயை மூடிக்கொண்டார்.

"தட்டு சிறுத்துச்சுன்னா கட சிறுத்துச்சுன்னு ஊரு பேசும்ங்க. நாலு பேரு பேசுனா நாளைக்கு யாரு சரக்குக் குடுப்பா?" என்றாள். இதுதான் விஷயம். நோட்டுச் சரக்கைக் கடனுக்குத் தருகிறவர் ஈஸ்வரபாண்டி. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. பழைய பாக்கி நிற்கையில் ஜனவரிச் சரக்கை இறக்குவதும் இறக்காததும் அவர் மனசு. அவர் அம்மா கருத்தம்மாளின் பெயர் வெட்டிய தூக்குவாளி ஒன்று தீபாவளியன்று ஜான்சி வீட்டுக் கேட்டில் தொங்கியது. எல்லாரும் கடையில் இருந்த நேரம். யார் மாட்டினார்கள் என்று தெரியாது. அடியில் ஊசியால் குத்திக் குத்தி எழுதிய 'பெ. கருத்தம்மாள்' மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மொத்தக் கடைக்காரர் வீட்டிலிருந்தே பலகாரம் வந்திருக்கிறது! ஜான்சி அதை இருபத்து மூன்றாவதாக எழுதி, அடிக்கோடு இட்டாள்.

அதே நாளில் இன்னொன்றையும் மனசில் எழுதிக்கொண்டாள். பக்கத்து வீட்டுச் சொர்ணலதா, ஏலக்காய் வியாபாரியின் மனைவி, வருடா வருடம் முதல் ஆளாகக் கொடுத்துவிடுகிறவள், இந்தத் தடவை ஒரு முறுக்குக்கூட அனுப்பவில்லை. கடை விழுந்ததும் மதிப்பும் விழுந்துவிட்டதாக்கும். அன்றிலிருந்து சொர்ணலதா மாடியில் துணி காயப்போட்டால் ஜான்சி கீழே இறங்கிவிடுவாள்.

மூவாயிரத்து ஐநூறு ரூபாயை இருபத்து மூன்று ஏனத்தில் நிரப்ப அவள் கண்ட வழி அச்சு முறுக்கு. முந்திரி போட்ட கேக்கை ஒரே ஒரு தட்டோடு நிறுத்தி, முந்திரிக்குப் பதில் தோல் நீக்கிய வேர்க்கடலையைத் தூவினாள். லட்டை ரத்து செய்தாள். அச்சு முறுக்கு பூ மாதிரி விரிந்து நிற்கும், பாதிக்குப் பாதி காற்று. ஐந்து அடுக்கினால் தட்டு நிறைந்துவிடும். "பாக்கப் பெருசு, மாவு சிறுசு" என்று தன் கண்டுபிடிப்பைத் தானே மெச்சிக்கொண்டாள். காற்றை இவ்வளவு அழகாகப் பொரிக்கத் தெரிந்தவர் போடியிலிருந்து கம்பம் வரைக்கும் இல்லை.

இருபத்திரண்டாம் தேதி அதிகாலை அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். இரும்பு அச்சை எண்ணெயில் காயவைத்து, மாவில் முக்கால்வாசி முக்கி, மறுபடி எண்ணெயில் இறக்கி, ஒரு உதறு. அச்சு சூடு குறைந்தால் மாவு ஒட்டிக்கொள்ளும். கூடினால் முக்கும்போதே வெந்து உதிரும். பதினேழாவது அச்சில் தீயின் நிறம் மாறின மாதிரி இருந்தது. எழுந்து சிலிண்டரை ஆட்டினாள். அதற்குள் எண்ணெயில் ஒன்று கருகியது. கருகினதை ஓரமாக வைத்தாள். நூற்றுக்கு நாலு இப்படித்தான் போகும் என்று முன்பே தாளில் கழித்திருந்தாள். ஐந்து போனது. நடுவில் மில்லிலிருந்து அதிரச மாவு வந்ததா என்று சினேகாவை விரட்டினாள், திரைச்சீலைகளை ஊறப்போட்டாள், கடையில் விற்காமல் கை ஒடிந்து கிடந்த காகித நட்சத்திரத்துக்குப் பசை தடவினாள். அடுப்பை அணைக்கையில் மணி மூன்று. சிலிண்டர் தாங்கிவிட்டது. கடைசி வரை அதை அவள் நம்பவில்லை.

இருபத்து நான்காம் தேதி காலையிலிருந்து ஏனங்கள் கிளம்பின. வீட்டுக்கு ஐந்து அச்சு முறுக்கு, இரண்டு அதிரசம், ஒரு துண்டு கேக். கண்ணால் அளந்து, கையால் அடுக்கி, அச்சு முறுக்கு நொறுங்காதபடி அவளே சுமந்து போனாள். ஒவ்வொரு வாசலிலும் மூடியைத் திறக்கிறவர்களின் புருவத்தைப் பார்த்தாள். ஒன்றும் ஏறவில்லை, இறங்கவில்லை. நாலரை மணிக்கு இருபத்திரண்டு முடிந்தது.

கருத்தம்மாளின் தூக்குவாளிக்கு மட்டும் கணக்கு வேறு. எட்டு அச்சு முறுக்கு, நாலு அதிரசம், மூன்று துண்டு கேக். கூடுதலாக வைத்ததெல்லாம் வீட்டுக்கு என்று எடுத்து வைத்திருந்த டப்பாவிலிருந்து போனது. "அம்மா, நமக்கு?" என்றாள் சினேகா. "நமக்கு இருக்குடி" என்று டப்பாவை மூடினாள்.

கருத்தம்மாள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"யாரு, நோட்டுக்கட ஜான்சியா? வாத்தா, வா."

"கிறிஸ்மஸ் பலகாரம் பெரியம்மா. தீவாளிக்கு நீங்க குடுத்துவிட்ட வாளி."

கருத்தம்மாள் வாளியைச் சாய்த்து அடியை விரலால் தடவினார். "பேரு என் பேருதேன். ஆனா நாங்க எங்கத்தா தீவாளி கொண்டாடுனோம்? பண்ணப்புரத்துல எங்க கொழுந்தனாரு தவறி இன்னும் வருசம் திரும்பல. அடுப்புல சட்டியே வைக்கல."

ஜான்சி வாளியின் அடியை எட்டிப் பார்த்தாள். "அப்ப இது…"

"சொர்ணலதா புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு நாந்தேன் பேரு வெட்டி எடுத்துக் குடுத்தேன். உன் பக்கத்து வீட்டுல இருந்துல்ல வந்திருக்கும்!"

கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது. கேட்கிற முகம்கூட வைத்துக்கொள்ள முடியாது. ஜான்சி சிரிப்பு மாதிரி ஒன்றை வரவழைத்து நின்றாள். கருத்தம்மாள் மூடியைத் திறந்து ஒரு அச்சு முறுக்கை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து, அதன் ஓட்டை வழியாக ஜான்சியைப் பார்த்தார்.

"கடைக்கு முன்னால பள்ளத்த மூடிட்டாகளா?"

"மூடிட்டாக பெரியம்மா. யாவாரம் இப்பப் பரவால்ல."

"மூடிட்டாகளா! நேத்து நம்ம கடப் பய ஒச்சாண்டி சைக்கிளோட அதுக்குள்ளதான விழுந்து எந்திரிச்சு வந்தான்."

ஜான்சி தன் செருப்பைப் பார்த்தாள். கருத்தம்மாள் கடித்தார். நொறுங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"எங்க வீட்டுல இந்த வருசம் வாயில இனிப்பே படலத்தா" என்றார். "நல்லா வந்திருக்கு. ஈஸ்வரன் ஏழு மணிக்கு வருவான். அவனுக்கு ரெண்டு எடுத்து வக்கிறேன்." பலகாரத்தைத் தட்டில் கொட்டிவிட்டு வாளியைக் கழுவித் துடைத்து, ஒரு கை சீனியை அள்ளிப் போட்டார். "வெறும் வாளியோட அனுப்பக் கூடாது."

ஈஸ்வரனுக்கு எடுத்து வைக்கிற இரண்டை வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா என்று தெரு முனை வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தாள் ஜான்சி. இரண்டிலும் உட்காரவில்லை. அதைவிட, இரண்டு மாதமாக மாடிப்படியில் இறங்கி ஓடினது ஒவ்வொரு படியாக ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து சீனியைச் சீனி டப்பாவில் கொட்டினாள். வீட்டுப் பலகார டப்பாவைத் திறந்தாள். ஐந்து அச்சு முறுக்கு, இரண்டு அதிரசம், ஒரு துண்டு கேக். எண்ணி வைத்த மாதிரி ஒரு வீட்டு அளவு. வாளிக்குள் அடுக்கி, பக்கத்து வீட்டுக் கேட்டைத் தட்டினாள்.

"அடியே, இந்த வாளியத்தேன் தேடிக்கிட்டு இருந்தேன்!" என்றாள் சொர்ணலதா. "யாரும் இல்லன்னு உன் கேட்டுல மாட்டிட்டு வந்தேன். கெடச்சுச்சோ, குரங்கு தூக்கிருச்சோன்னு. கேக்கவும் கூச்சம். நீயும் மொகங்குடுத்துப் பேசவே இல்ல."

"கட வேலக்கா. நிமிந்து பாக்க நேரமில்ல."

"சரி, உள்ள வா. டீ குடிச்சிட்டுப் போ."

டீ குடித்துவிட்டு வருகையில் வினோத்ராஜ் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். நட்சத்திரத்துக்குள் பல்பை மாட்டி, ஒட்டின கை கீழே விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சினேகா அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஜான்சி காலி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். அச்சு முறுக்குத் தூளும் அதிரச ஓரமும் மூடியில் விழுந்தன. ஓரமாக வைத்திருந்த கருகின ஐந்தையும் அதில் போட்டாள். அவற்றை விரலால் மூன்று பங்காகப் பிரித்தாள். ஒரு பங்கு கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. அதிலிருந்து கிள்ளி மற்றதில் சேர்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து கால் நீட்டினாள்.

"அப்பாடா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இருபத்து மூணு வீட்டுக்கும் குடுத்தாச்சுங்க. ஒரு வீடு பாக்கி இல்ல."

சினேகா ஒரு பங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இருபத்து நாலும்மா."