காப்புக் கட்டிய வாரத்தில் வெல்டிங் தேர்வு

யாங்கோனில் கட்டட வேலைக்காரர்களுக்கு அப்போது ஒரு சங்கம் இருந்தது. ஆறு மாதம் கூலியோடு வேலைத்தளத்திலேயே வெல்டிங் பழக்குவார்கள். கடைசியில் ஒரு தேர்வு. தேறினால் உறுப்பினர் அட்டை. அட்டை இருப்பவனிடம் ஒப்பந்தக்காரர் நினைத்த நேரத்தில் ‘நாளைக்கு வராதே’ என்று சொல்ல முடியாது. அந்த இரண்டு சொல்லை முப்பத்திரண்டு வயதுக்குள் எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! அட்டை கிடைத்தால் தீ மிதிக்கிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன்.

கிடைத்த பிறகு மிதித்திருக்கலாம். அந்தப் பொறுமை எனக்கு ஏது? காலையில் தேர்வு, அன்று சாயங்காலமே கோயிலில் காப்புக் கட்டு. எல்லாம் கூடி வருகிறது என்று முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட்டேன். தேர்வன்று கரண்ட் போய்விட்டது. ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். அம்மனிடம் பின்வாங்கப் பயம். காப்புக் கட்டிக்கொண்டேன். இனிப் பத்து நாள் காலில் எதுவும் போடக்கூடாது.

தேர்வு நடத்தியவர் சங்கத்து பர்மிய அம்மாள். எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா.

“ஷூ எங்கப்பா?” என்று பர்மியத்தில் கேட்டார்.

“நேர்த்திக்கடன் அக்கா. பத்து நாளைக்குக் கூடாது.”

“மூணு மாசம் முந்தி இதே ஷூ வேணும்னு ஒப்பந்தக்காரர்கிட்ட கூச்சல் போட்டது யாரு?”

நான்தான். வெல்டிங் பொறி காலைச் சுடாமலிருக்க, அரை நாள் வேலையை நிறுத்தி எல்லோருக்கும் வாங்கிய ஷூ அது. அன்றைக்கு என் வாயை யாராலும் மூட முடியவில்லை.

ஊருக்குள் தாகேதா பேட்டையிலிருந்து வந்து என்னோடு வெல்டிங் பழகியவன் தன் ஷூவைக் கழற்றி நீட்டினான். “போட்டுக்கண்ணே. ஆத்தா கேட்டா நான் மாட்டிவிட்டேன்னு சொல்லு. எனக்கும் அவளுக்கும் ஏற்கெனவே ஆகாது.”

சிரிப்பு வந்துவிட்டது. ஒரு காலை நுழைக்கவும் செய்தேன். கையில் காப்பாகக் கட்டிய மஞ்சள் துணி கண்ணில் பட்டது. காலை உருவிக்கொண்டேன்.

அக்கா கோபப்படவில்லை. “உன்னை இப்படி விட்டா, நாளைக்கு ஒப்பந்தக்காரங்க உன் காலைக் காட்டியே எல்லார் ஷூவையும் பிடுங்கிருவாங்க. அடுத்த குழுவுல வாப்பா” என்றார்.

கிடைக்காத அட்டைக்காகத் தீ மிதித்தேன். ஒரு கொப்புளம்கூட இல்லை. அம்மன் கண் திறந்தாள் என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த குழு வரவேயில்லை. முதலில் கொரோனா, பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்து நாடே தலைகீழாகி, சங்கத்துக்குப் பூட்டு. சங்கத்து ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்று தாகேதாக்காரன் ஒரு நாள் பயந்துபோய்த் தன் அட்டையை அடுப்பில் போட்டான். இப்போது நான் நாள்கூலிக்கு கேட், கிரில் பற்றவைக்கிறேன். போன வாரமும் ஒருவன் ‘நாளைக்கு வராதே’ என்றான்.

“இருந்திருந்தா நீங்களும் எரிச்சிருப்பீங்க, விடுங்க” என்றாள் மனைவி, சோறு போட்டபடி.

எரிக்கவாவது ஒன்று இருந்திருக்குமே என்றேன். அவள் குழம்பு எடுக்கப் போய்விட்டாள்.