இரண்டு நிமிடம் பேசுங்க, ஸ்டெல்லா!

அடுத்தவர் வாயைத் திறக்க வைத்துச் சம்பாதிக்கிற தொழில் இரண்டு: ஒன்று பல் வைத்தியம், மற்றது குன்னூரில் நான் நடத்தும் ஆங்கிலப் பேச்சுத் தேர்வுப் பயிற்சி. வெளிநாட்டு வேலைக்காக அந்தத் தேர்வு அறையில் நாக்கு ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்த அன்பர்களே, இது நம் கதை.

கேட்டதற்கு மட்டும்

ஸ்டெல்லா ஒரு நர்ஸ். எஸ்டேட்டில் வளர்ந்தவர். எழுதுவது, படிப்பது எல்லாவற்றிலும் பிரமாதமான மதிப்பெண். பேச்சில் மட்டும் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தார். இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவருக்காக ஒரு வேலையை நிறுத்தி வைத்திருந்தது. இந்த மூன்றாம் முறையும் போனால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

முதல் நாள் நானே கோட்டு மாட்டிக்கொண்டு தேர்வாளராக உட்கார்ந்தேன். உள்ளே வந்தவர் உட்காரவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உங்கள் ஊர் பிடிக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "யெஸ் சார்." ஏன்? "குட் ப்ளேஸ் சார்." அவ்வளவுதான் சாமி! எஸ்டேட் ஆபீசில் துரை முன்னால் நிற்கிற அதே நிற்பு. இரண்டு நிமிடம் பேச வேண்டிய இடத்தில் இரண்டு வார்த்தை பேசினால் எப்படி என்றேன். "கேட்டதுக்கு மேல பேசுனா திமிரு புடிச்சவள்னு நெனைச்சுக்க மாட்டாங்களாங்க?"

கடற்கரைக் கூடலூர்

அதே வகுப்பில் கூடலூர்க்காரர் ஷிபு. பேச்சில் தங்குதடையே கிடையாது. ஆனால் இணையத்தில் கிடைத்த பதிலை ஒரு எழுத்து பிசகாமல் நெட்டுரு போட்டிருந்தார். சொந்த ஊரைப் பற்றிச் சொல் என்றதும் அலை, மணல், மீன்பிடி படகு, மாலையில் கடற்காற்று என்று வெளுத்து வாங்கினார். ஸ்டெல்லா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"கூடலூர்ல ஏதப்பா கடல்? மிளகும் தேயிலையும்தானே இருக்கு, அதைச் சொல்லு" என்றேன். "மூணு மாசம் உக்காந்து படிச்சது சாரே, இனி மாத்த முடியாது. வேணும்னா நீங்க கடலைக் கொண்டு வாங்க!"

காட்டெருமை வைத்த தேர்வு

தேர்வுக்கு ஐந்தே நாள். ஸ்டெல்லா இன்னும் நாற்பது விநாடியைத் தாண்டவில்லை. அன்று காலை வகுப்புக்குப் போகும் வழியில், தேயிலைத் தோட்டத்து ஓரமாக ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, மேய்கிற காட்டெருமையோடு செல்ஃபி எடுக்க நெருங்கிக்கொண்டிருந்தார்கள். பாய்ந்து போய் இருவரையும் கையைப் பிடித்து இழுத்து வந்தது யார் என்கிறீர்கள்? நம் ஸ்டெல்லா!

இழுத்ததோடு விட்டாரா? ஆங்கிலத்தில் பிடிபிடியென்று பிடித்தார். அது வீட்டு மாடு இல்லை, முட்டினால் என்ன ஆகும், முட்டு வாங்கித் தன் வார்டுக்கு வந்தவருக்கு எங்கெங்கே தையல் போட்டார்கள், எல்லாம் வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம் பத்து விநாடி! நடுவில் ஒரு 'சார்' கிடையாது. நான் ரோட்டிலேயே துள்ளிக் குதித்தேன். மிரண்டுபோன அந்த வெள்ளைக்கார அம்மா என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "இந்த ஊர் நர்ஸுகள் எல்லாருமே இப்படித்தான் திட்டுவார்களா?"

தேர்வாளரும் ஒரு பேஷண்ட்

"எதிர்ல உக்கார்றவரை அதிகாரின்னு நினைக்காதீங்க. உங்க வார்டுல சேர்ந்த பேஷண்ட்னு நினைச்சுக்கங்க" என்று சொல்லித் தேர்வுக்கு அனுப்பினேன். கோயம்புத்தூர்த் தேர்வு மையத்து வாசலில் நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தவர் முகம் வெளுத்திருந்தது. யாருக்காவது உதவிய அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்களாம். தேர்வாளருக்கோ இருமல். நம்மவர் பேச்சோடு பேச்சாக வெந்நீர், ஆவி, எப்போது எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பது வரை விளக்கியிருக்கிறார். நேரம் முடிந்தது என்று தேர்வாளர் கையைத் தூக்கியதும், இருங்கள், இன்னும் முடிக்கவில்லை என்று ஆங்கிலத்தில் அதட்டியிருக்கிறார்! போச்சு, மூன்றாவது முறையும் போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. பாஸ்! வேண்டியதற்கு மேலேயே அரை மதிப்பெண். போனில் நான் போட்ட கூச்சலில் கீழ்த்தளத்து பேக்கரிக்காரர் மேலே ஓடி வந்துவிட்டார். அழுகையும் சிரிப்புமாக ஸ்டெல்லா கேட்டார்: "சார், அவருக்கு இருமல் நின்னுச்சான்னு இனி யாருகிட்டங்க கேக்கறது?"

ஆளைப் பேச வைக்க எனக்குத் தெரிந்துவிட்டது அன்பர்களே, நிறுத்த வைக்க நீங்கள் வேறு வாத்தியாரைத்தான் பார்க்க வேண்டும்.